ஜவெல் வாளியும் கோட்டை வைனும்

1

அடுத்த வியாழக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு எனக்குப் பிரெபெக்சரில் நேரம் தந்திருக்கிறார்கள். பிரெபெக்சர் என்றால் நமது ஊர்க் கச்சேரி மாதிரி. வெளிநாட்டுக்காரரின் விசாவைப் புதுப்பிப்பதும் அங்கேதான். என்னுடையது நான்கு வருட விசா. பத்து வருட விசா எடுக்க மொழிப் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும். மூன்று தரம் எழுதினேன். திருகோணமலையில் எட்டாம் வகுப்போடு கொப்பியை மூடியவனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் பிரெஞ்சு ஏறவில்லை. ஆகவே நான்கு வருடத்துக்கு ஒருமுறை அந்தக் கந்தோரின் பிளாஸ்டிக் கதிரையில் இலக்கத் துண்டோடு உட்கார்ந்திருப்பேன். சம்பளத் துண்டு, வாடகைப் பத்திரம், மின்சார பில் எல்லாம் மடியில் அடுக்கியிருக்கும். அவற்றில் முக்கியமானது முதலாளியின் கடிதம். இவர் என்னிடம் வேலை செய்கிறார், இனியும் செய்வார் என்று அவர் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் கடதாசி.

இந்தத் தடவை அந்தக் கடிதம் கிடைக்குமா என்ற பயத்தில்தான் இதை எழுதத் தொடங்கினேன். பாதியில் முடிவு தெரிந்துவிட்டது. இருந்தாலும் நடந்த ஒழுங்கிலேயே சொல்கிறேன்.

நான் ஓரிடத்தில் நிலைக்காத ஆள். உட்துறைமுகத்தில் மூட்டை இறக்கினேன். கிண்ணியாவில் தயிர் ஏற்றினேன். கொழும்பில் லொறியில் உதவியாளாக நின்றேன். கட்டாரில் தண்ணீர்த் தாங்கி கழுவினேன், இத்தாலியில் தக்காளி பிடுங்கினேன். பிரான்சுக்கு வந்து இருபது வருடம் தாண்டிவிட்டது, இந்தச் சிறிய நகரத்தில் இப்போது பதினொரு வருடம். வைன் கடை ஒன்றின் நிலவறையில் வேலை. கடைக்கு அடியில், கல்லால் கட்டிய, வருடம் முழுவதும் குளிரான அறை அது. பெட்டி இறக்குவது, போத்தல் அடுக்குவது, நிலம் கழுவுவது என் வேலைகள். நான் குடிப்பதில்லை. ஊரிலிருந்து போன் எடுக்கிற கூட்டாளி ஒருவன் "என்ன மச்சான், இன்னும் தவறணையிலதானோ?" என்று கேட்காமல் கதையைத் தொடங்கமாட்டான்.

2

வைன் ரசிகர்கள் என்று ஒரு சாதி இங்கே இருக்கிறது. ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கஷ்டம். அவர்கள் வெறிப்பதற்குக் குடிப்பதில்லை. முகர்வார்கள், வாயில் வைத்துக் கொப்பளிப்பார்கள், பாதியைத் துப்புவார்கள். பிறகு அரை மணித்தியாலம் கதைப்பார்கள். வைனைவிட அதைச் செய்தவரின் பெயர்தான் அவர்களுக்குப் பெரிது. எங்கள் கடையில் அப்படிப் பெரிய பெயர் ஒன்று உண்டு. உண்மைப் பெயரை எழுதமாட்டேன். கோட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டையின் வைனை நினைத்தவுடன் வாங்க ஏலாது. பெயர் பதிந்து வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். எங்கள் முதலாளி லூக்குக்கு அவருடைய தகப்பன் காலத்திலிருந்தே கோட்டையின் பட்டியலில் இடம் இருக்கிறது. கடைக்கு ஆட்கள் வருவதே அதற்காகத்தான்.

எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. கிண்ணியாவில் நான் தயிர்ச் சட்டி ஏற்றியது மஜீத் நானாவிடம். அப்போது பாலம் இல்லை. பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் சட்டிகளை ஏற்றிக் கடலைக் கடந்து திருகோணமலைச் சந்தைக்குக் கொண்டுவருவோம். நகரத்து ஆட்களுக்குப் புளியடி என்ற மாட்டுப் பட்டியின் தயிர்தான் வேண்டும். மற்றப் பட்டித் தயிரைச் சும்மா கொடுத்தாலும் முகத்தைச் சுளிப்பார்கள். புளியடியில் கறப்பது பத்துச் சட்டிக்குத்தான் காணும். நானா நாளுக்கு அறுபது சட்டி விற்றார், அறுபதும் புளியடி.

ஒருநாள் ஆசிரியை ஒருவர் சட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார். "நானா, இது புளியடித் தயிர் இல்லை. எனக்கு நாக்கில்லை எண்டு நினைச்சீங்களோ?"

"தங்கச்சி, மாடு போன கிழமை வேற பக்கம் மேஞ்சிட்டு. நாளைக்குப் பாருங்க, பழைய ருசி வந்திரும்."

மறுநாளும் நானா முதல்நாள் கொடுத்த அதே தயிரையே கொடுத்தார். ஆசிரியை சாப்பிட்டுவிட்டு, "இதுதான் நானா புளியடி" என்றார். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு அப்படித்தான் ருசித்திருக்கும்.

அந்தச் சட்டிகளால் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. சட்டி சரியாகக் காயாமல் தயிர் ஊற்றினால் மண்ணில் பூஞ்சணம் பிடிக்கும். வாயைக் கட்டிய கடதாசிக்கு மேலால் முகர்ந்தே எனக்கு அது தெரிந்துவிடும். பிரான்சிலும் அது தொடர்ந்தது. லூக் ஒரு போத்தலைத் திறந்தபோது இரண்டு அடி தள்ளி நின்ற நான் பின்னால் நகர்ந்தேன். அவர் ஊற்றி முகர்ந்து பார்த்தார். தக்கை பூஞ்சணம் பிடித்த போத்தல். அன்றிலிருந்து ரசிகர்கள் கூடும் நாளில் எல்லாப் போத்தலையும் முதலில் முகர்வது நான்தான். ஒரு சொட்டும் குடிக்காதவன்.

3

நான்கு வருடத்துக்கு முன்பு கோட்டைப் போத்தல் ஒன்றிலும் அந்த மணம் வந்தது. லூக்கிடம் சொன்னேன். அவர் அதை எடுத்து வைக்குமுன் ரசிகர்களின் தலைவர் ஊற்றிக் குடித்துவிட்டார். ஓய்வுபெற்ற பல் டொக்டர் அவர். கண்ணை மூடிக்கொண்டு, "மழைக்குப் பிறகு பழைய காடு. இது கோட்டையின் மண். இந்த மண்ணை வேறு யாராலும் போத்தலில் அடைக்க முடியாது" என்றார். மற்றவர்களும் கண்ணை மூடினார்கள்.

லூக் என்னைத் தனியே கூப்பிட்டார். "இனி கோட்டையை நீ முகர வேண்டாம்" என்றார். சரி என்றேன். முதலாளியின் கடிதத்தில் வாழ்கிற ஆள் சரி என்றுதான் சொல்வான்.

இணையத்தில் இந்த ரசிகர்கள் எழுதுவதை என் மகள் நிலானி வாசித்துச் சொல்வாள். அவள் இங்கே பிறந்தவள், பிரெஞ்சுக்காரி. பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். என்னிடம் கதைக்கும் தமிழ் வருடத்துக்கு வருடம் குறைகிறது, சிரிப்பு மட்டும் குறையவில்லை. "அப்பா, இந்த மனுசன் உங்கட கோட்டையைக் குடிச்சிட்டு அழுதவராம்." "ஏன் பிள்ளை?" "காடு மணத்ததாம்." இருவரும் சிரிப்போம்.

மூன்று மாதத்துக்கு முன்பு ஓர் இளம்பெண் கோட்டைப் போத்தலைத் திருப்பிக் கொண்டுவந்தாள். அவளுக்குக் கோட்டையும் தெரியாது, குடிசையும் தெரியாது. மாமனாரின் பிறந்தநாளுக்கு வாங்கியிருக்கிறாள். "நனைந்த கார்ட்போர்ட் பெட்டி மாதிரி மணக்கிறது" என்றாள். கடையில் நின்ற டொக்டர் சிரித்தார். லூக் சிரிக்கவில்லை. கோட்டைக்குக் கடிதம் எழுதினார். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. தங்கள் பக்கம் எல்லாம் பரிசோதித்தாயிற்றாம், ஒரு குறையும் இல்லையாம். குறை இருந்தால் அது உங்கள் நிலவறையில்தான். அங்கே யாராவது குளோரின் பாவித்தார்களா என்று விசாரிக்கவும்.

லூக் அதை எனக்கு மெதுவாக வாசித்துக் காட்டினார். வாசித்துவிட்டுச் சிரித்தார். "குளோரினாம். நீ வந்த முதல் வாரமே சொல்லிவிட்டேனே. ஜவெல் இங்கே கூடாது என்று."

ஓம், சொன்னவர்தான். ஜவெல் என்பது இங்கே கடையில் விற்கும் குளோரின் தண்ணீர், நிலம் கழுவுவது. வைன் உள்ள இடத்தில் அது ஆகாது என்று அவர் சொன்னபோது, முதலாளி கஞ்சன் என்று நினைத்தேன். கோட்டைப் போத்தல்கள் நிலவறையின் கடைசி மூலையில், பழைய மரத் தட்டில், வருடக் கணக்காகப் படுத்திருக்கும். அந்த மரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டிலிருந்து ஜவெல் கொண்டுபோய், அவர் மேலே இருக்கும் நேரத்தில், வாளியில் கலந்து தும்புத்தடியால் தேய்த்தேன். கிழமைக்கு ஒருதரம். வேலைக்கு வந்த முதல் அரை வருடம். இங்கே ஒருவருக்கும் தெரியாது.

ஏன் செய்தேன் என்று கேட்டால், ஊரில் அகதி முகாமில் இருந்த காலத்தில் கிணறுகளுக்குக் குளோரின் போடும் குழுவில் வேலை செய்தேன். வயிற்றோட்டத்தில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். குளோரின் மணக்கிற கிணற்றில் குடித்தவர்கள் பிழைத்தார்கள். அந்த மணம் இருக்கிற இடம் சுத்தமான இடம் என்று என் தலைக்குள் யாரோ ஆணி அடித்துவிட்டார்கள்.

அன்று இரவு நிலானியிடம் ஃபோனில் தேடிப் பார்க்கச் சொன்னேன். குளோரின், மரம், பூஞ்சணம் மூன்றும் சேர்ந்தால் அந்த மணம் உண்டாகும். காற்றில் பரவித் தக்கை வழியே உள்ளே போகும். வருடங்கள் எடுக்கும். அவள் வாசித்து முடித்து, "ஏன் கேக்கிறீங்கள்?" என்றாள். சும்மா என்றேன்.

4

டொக்டருக்குக் கோட்டையின் பதில் பிடிக்கவில்லை. அது தன் நாக்குக்கே அவமானம் என்று எடுத்தார். அவரே ஒரு வழி சொன்னார். அதே வருடத்துக் கோட்டை வைன் அவருடைய வீட்டிலும் இருக்கிறது, தோட்டத்திலிருந்து நேரே வாங்கியது, எங்கள் நிலவறையைக் காணாதது. அதில் மூன்று போத்தல், எங்கள் தட்டில் இருந்து மூன்று. ஆறையும் துணி உறைக்குள் போட்டு இலக்கம் ஒட்டி ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வைப்பது. எது எது என்று லூக்குக்கு மட்டும் தெரியும். ரசிகர்கள் குடித்துப் பார்ப்பார்கள். முதலில் நான் முகர்ந்து பழுதானதைக் காட்ட வேண்டும்.

எல்லாம் பழுது என்றால் பிழை கோட்டையில். எங்கள் மூன்று மட்டும் பழுது என்றால் பிழை என்னில். குற்றவாளியே நீதவான்.

மனைவி தவத்திடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள் இலங்கைத்துறை என்ற மீனவக் கிராமத்துக்காரி. கடலில் போனவர்கள் திரும்பாத நாட்களைக் கண்டவள், இலேசில் கலங்கமாட்டாள். பருப்புக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"இப்ப என்னப்பா செய்யப் போறீங்கள்?"

"முகந்து பாத்தாத்தானே தெரியும்."

"தெரிஞ்சாப் பிறகு?"

நான் வெங்காயம் உரிக்கத் தொடங்கினேன்.

"வாயைத் திறக்காதேங்கோ. ஆறும் நல்லதெண்டு சொல்லுங்கோ. அவையள் அந்த மணத்துக்குத்தானே உயிரை விடுகினம். கடிதம் கைக்கு வரட்டும். பிறகு உங்கட அரிச்சந்திர வேலையைப் பாருங்கோ."

"லூக் நல்ல மனுசன் தவம்."

"நல்ல மனுசன்தான். கடிதம் தராட்டி நாங்கள் நல்ல மனுசனை வச்சு என்ன செய்யிறது?"

அவள் சொன்னதில் பிழை இல்லை. ஞாயிறு வரை இருந்த மூன்று நாளும் நிலவறைப் படியில் இறங்கும்போது காலை வைக்கும் இடம் தெரியவில்லை. இரண்டு தரம் தடுக்கினேன். வேலை போனால் விசா இல்லை. விசா இல்லாவிட்டால், ஐம்பத்து மூன்று வயதில், எந்த நாட்டில் எந்தப் பழத்தைப் பிடுங்குவது?

5

ஞாயிற்றுக்கிழமை மேசையில் வெள்ளை விரிப்பு. ஆறு போத்தல்களும் கழுத்து வரை சாம்பல் நிறத் துணி மூடி வரிசையாக நின்றன. ஒன்பது ரசிகர்கள். லூக் என் தோளில் கை வைத்தார். என் பிரெஞ்சு ஆட்களுக்கு முன்னால் தடுமாறும் என்று அவருக்குத் தெரியும். என்னை வெட்கத்திலிருந்து காப்பாற்றத்தான் இப்படிச் சொன்னார்.

"நீ ஒன்றும் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொன்றின் முன்னாலும் நில். பழுது என்றால் தலையை ஆட்டு. போதும்."

வெளியே போய் முற்றத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கிண்ணியா இறங்குதுறையில் எனக்கு இருபத்திரண்டு வயது. மிதவைப் பாதைக்குக் காத்து நின்ற ஆண்களை எல்லாம் ஆமிக்காரர் சுற்றிவளைத்து வரிசையாக நிறுத்தினார்கள். வண்டியிலிருந்து ஒருவரை இறக்கிக் கொண்டுவந்தார்கள். தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. தலையாட்டி என்று நாங்கள் சொல்வோம், ஆளைக் காட்டிக்கொடுப்பவர். அவர் ஒவ்வொருவர் முன்னாலும் நின்றார். தலை ஆடினால் அந்த ஆள் வண்டியில். என் முன்னால் நின்றபோது சாக்கு மணத்தது. நனைந்து, காயாமல் சுருட்டி வைத்த சாக்கின் பூஞ்சணம். தலை ஆடவில்லை. எனக்கு இடப்பக்கம் ஐஸ் பெட்டி சுமக்கும் ஒருவர் நின்றார். அவருக்கு ஆடியது. போகும்போது அவர் என்னிடம், "தம்பி, சைக்கிளை ஒருக்காப் பாத்துக்கொள்ளும்" என்றார். ஐந்து நிமிடத்தில் வந்துவிடுபவர் மாதிரி. மாலைவரை அந்தச் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றேன். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது.

லூக் வெளியே வந்து தண்ணீர் தந்தார். சுகமில்லையா என்று கேட்டார். "தலை ஆட்ட மாட்டேன். வாயால் சொல்கிறேன்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. ஆனால் சரி என்றார்.

உள்ளே போய் ஆறையும் முகர்ந்தேன். இரண்டாம் தரமும் முகர்ந்தேன். சந்தேகம் வந்தால் நல்லது என்று ஆசைப்பட்டேன். வரவில்லை.

"ஒன்று. நாலு. ஆறு," என்றேன். "பழுது."

பிறகு ரசிகர்கள் குடித்தார்கள். எழுதினார்கள். டொக்டர் எழுந்து வாசித்தார். ஒன்று, நாலு, ஆறு மூன்றும் பேரழகு, காடு, மண், கோட்டையின் ஆன்மா. இரண்டு, மூன்று, ஐந்து வெறும் வைன். பக்கத்து ஊர் மலிவு வைனை லூக் பகிடிக்குக் கலந்துவிட்டார் என்று நினைத்தாராம். எட்டுப் பேர் தலையாட்டினார்கள்.

லூக் உறைகளைக் கழற்றினார். ஒன்று, நாலு, ஆறு மூன்றின் அடிப்பக்கத்திலும் நிலவறையில் சோக்கட்டியால் நான் போட்ட அடையாளம். எங்கள் தட்டு. மற்ற மூன்றும் டொக்டர் வீட்டுக் கோட்டை.

டொக்டரின் முகம் சிவந்தது. பிறகு தெளிந்தது. ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்.

"அப்படியென்றால் இந்த நிலவறைதான் காரணம்," என்றார். "என் வீட்டில் கோட்டை தூங்குகிறது. இங்கே விழித்திருக்கிறது. லூக், உன் நிலவறையும் இதைப் பார்த்துக்கொள்ளும் இந்த மனிதரும் பொக்கிஷம்." எனக்குக் கை தட்டினார்கள்.

தவம் சொன்னபடி நான் அதோடு நின்றிருக்கலாம். கடிதமும் வந்திருக்கும், பெயரும் வந்திருக்கும். புளியடிப் பட்டியாக நானே ஆகியிருக்கலாம். ஆனால் அந்த இளம்பெண்ணைப் பார்த்து இவர்கள் சிரித்தது நினைவுக்கு வந்தது. அவள் சரியாகச் சொன்னவள்.

"நான் ஜவெல் போட்டேன்," என்றேன். "அந்தத் தட்டில். ஆறு மாதம். ஒளித்துப் போட்டேன். அதுதான் இந்த மணம்."

டொக்டர் சிரித்துவிட்டு என் முதுகில் தட்டினார். "பாருங்கள், எவ்வளவு அடக்கம்," என்று மற்றவர்களிடம் சொன்னார். மறுபடி கிளாஸை நீட்டினார்கள். லூக் மட்டும் நீட்டவில்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு விளங்கிவிட்டது.

ஆட்கள் போன பிறகு அவர் கிளாஸ்களைக் கழுவி அடுக்கினார். "செவ்வாய்க்கிழமை வா" என்று மட்டும் சொன்னார். திங்கள் கடை பூட்டு.

6

திங்கள் முழுக்க வீட்டில் இருந்தேன். தவம் என்னைத் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. நிலானி என்னைப் பற்றி இணையத்தில் வந்ததை வாசித்தாள். தீவிலிருந்து வந்த நிலவறைக் காவலர் என்று எழுதியிருந்தார்களாம். பிறகு, "தலையாட்டச் சொன்னதுக்கு ஏன் அப்பா வெளியில போனீங்கள்?" என்று கேட்டாள். தவம் சொல்லியிருப்பாள். நான் சொன்னேன், சாக்கு, சைக்கிள் எல்லாம். அவளுடைய பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. அவள் நடுவில் இரண்டு தமிழ்ச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டாள். முடிந்ததும் "அந்த ஆளிட வீட்டுக்கு ஆர் சொன்னது?" என்றாள். தெரியாது என்றேன். அந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

செவ்வாய் காலை எட்டு மணிக்கு லூக் முற்றத்தில் நின்றார். மரத் தட்டு உடைந்து கிடந்தது. அவரே உடைத்திருக்கிறார். கோட்டைப் போத்தல்கள் நாற்பத்திரண்டும் வெளியே வரிசையாக இருந்தன.

"டொக்டர் போன் எடுத்தார். எல்லாவற்றையும் தானே வாங்குகிறாராம். இந்தத் தட்டில் இருந்தது மட்டும்தான் வேண்டுமாம்."

"என்ன சொன்னீங்கள்?"

"ஒன்றும் சொல்லவில்லை. திற. முகர். பழுதை ஊற்று."

ஒவ்வொன்றாகத் திறந்தேன். பழுது, பழுது, பழுது. முற்றத்து வாய்க்கால் சிவப்பாக ஓடியது. லூக் தன் தகப்பன் காலத்துப் பெயர் வாய்க்காலில் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருபத்தேழாவது போத்தல் சுத்தமாக இருந்தது. இரண்டாம் தரம் முகர்ந்துவிட்டு அவரிடம் நீட்டினேன்.

அவர் அதிலிருந்து ஒரு கிளாஸ் ஊற்றி நின்றபடியே குடித்தார். துப்பவில்லை.

"நல்ல வைன்," என்றார். இன்னொரு வாய் குடித்தார். "அவ்வளவுதான். நல்ல வைன்."

பிறகு உள்ளே போய்க் கடை முத்திரையோடு கடதாசி கொண்டுவந்து, கவிழ்த்த பெட்டி ஒன்றில் வைத்து எழுதத் தொடங்கினார். என் பெயரைப் பார்க்காமலே எழுதினார், நீளமான பெயர், ஒரு எழுத்தும் பிழைக்கவில்லை. நான் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். எந்த நொடியிலும் கிழித்துவிடுவார் என்று தோன்றியது. வேலை என்ன என்று எழுதும் இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"இங்கே என்ன போடுவது?"

"போன தடவை என்ன போட்டீங்கள்?"

"துப்புரவு."

அதையே எழுதிக் கையெழுத்து வைத்தார். மை காயும்வரை ஊதிவிட்டு என்னிடம் தந்தார். மிச்சம் பதினைந்து போத்தல் இருந்தது. இருபத்தெட்டாவதை எடுத்தேன்.